பிராகோ திருப்பிப் போட்ட காட்சி

கானா நாட்டுக் குமாசியில் சாவது சுலபம். செத்தவருக்காக ஊர் கூடுகிற சனிக்கிழமையை ஒன்றரை மணி நேரப் படமாக ஆக்குவதுதான் பெரும்பாடு. தாஃபோ பகுதியில் அந்தப் பாடு பிராகோவின் தலையில் விழுந்திருந்தது. புருஷன் ஜாசி கேமராவைத் தூக்கிக்கொண்டு போவான். கறுப்பும் சிவப்புமாகத் துணி போர்த்திய கூட்டத்துக்குள் நாள் முழுக்கத் திரிவான். சாயங்காலம் வந்து டேப்புகளை மேஜைமேல் கொட்டிவிட்டு, சாப்பிட ஃபுஃபு எங்கே என்று கேட்பான். அவன் வேலை அத்தோடு சரி.

பிராகோ இதை எங்கும் போய்ப் படிக்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு டைப்பிங் கடையில் இருந்தாள். சாவு வீட்டில் கொடுக்கிற புத்தகங்களை அங்கேதான் அடிப்பார்கள். செத்தவரின் வாழ்க்கை வரலாறு, மனைவியின் இரங்கல், பிள்ளைகளின் இரங்கல், சர்ச் சபையின் இரங்கல். எல்லாப் புத்தகத்திலும் எல்லோரும் உத்தமர்கள். "நம்ம ஊர்ல கெட்டவன் ஒருத்தன்கூட இதுவரைக்கும் செத்ததில்ல போல" என்று ஒருநாள் சத்தமாகச் சொல்லிவிட்டாள். முதலாளியம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அந்த வாயைப் பார்த்துத்தான் ஜாசி அவளைக் கட்டிக்கொண்டான். தெரிந்தே கட்டிக்கொண்டதால் பிறகு புகார் சொல்ல அவனுக்கு வழியில்லாமல் போயிற்று.

கம்ப்யூட்டர் ஜெர்மனியிலிருந்து கன்டெய்னரில் வந்த பழசு. கீபோர்டில் ஒய் இருக்க வேண்டிய இடத்தில் இசட் இருந்தது, இசட் இடத்தில் ஒய் இருந்தது. கட்டிலுக்கும் ஜன்னலுக்கும் நடுவே அதை வைத்திருந்தாள். டேப்பில் உள்ளதை அப்படியே உள்ளே இழுத்தால் அது திணறும், படம் தத்தித் தத்தி ஓடும். அதனால் எல்லாவற்றுக்கும் முதலில் தரம் குறைந்த சின்ன நகல் ஒன்று எடுத்துக்கொள்வாள். வெட்டுவது ஒட்டுவது எல்லாம் நகலில். கடைசியில் டிஸ்க் அடிக்கும்போதுதான் அசல் படத்தை அதனதன் இடத்தில் உட்காரவைப்பாள். கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாததால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு முறை சேமிப்பாள். பேசிக்கொண்டிருக்கும்போதும் இடது கை விரல்கள் தாமாகச் சேமிக்கிற அந்த இரண்டு பட்டன்களுக்குப் போய்வரும். சூப் கிண்டும்போதுகூட அவளுடைய விரல் அப்படி அசைகிறது என்று ஜாசி கேலி செய்வான்.

அவளுடைய முறையே தனி. முதலில் படத்தைத் தொடமாட்டாள், சத்தத்தைத்தான் தொடுவாள். முகம் கொஞ்சம் மங்கினால் ஜனங்கள் பொறுத்துக்கொள்வார்கள், பாட்டு நடுவில் அறுந்தால் பொறுக்கமாட்டார்கள் என்பது அவள் கண்ட உண்மை. ஆகவே பறை, பாட்டு, ஒப்பாரி எல்லாவற்றையும் அறுபடாமல் கீழே நீளமாக விரித்துக்கொண்டு, அதற்கு மேலே படங்களை அடுக்குவாள். ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கிறார் என்றால், பாதி எழுந்திருப்பதைத் தூரத்திலிருந்து எடுத்த படத்தில் காட்டி, மீதியைக் கிட்டத்தில் எடுத்ததில் காட்டுவாள். அசைவின் நடுவே வெட்டினால் கண்ணுக்கு வெட்டு தெரியாது. சும்மா நிற்கும்போது வெட்டினால் பளிச்சென்று தெரிந்துவிடும். அழுகிற முகத்தைப் பாதியிலேயே விட்டுவிட வேண்டும். மூக்கைச் சிந்துகிற வரைக்கும் காட்டினால் பார்க்கிறவனுக்குச் சிரிப்பு வரும்.

கேமரா எதிலாவது தடுக்கி ஆடிய இடத்தில் ஏதாவது ஒரு கிழவர் தலையாட்டுகிற படத்தைச் செருகுவாள். அந்தக் கிழவர் எப்போது, எதற்காகத் தலையாட்டினார் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. வாடிக்கையாளர்களுக்குப் புறா பறக்க வேண்டும், இதயம் மலர வேண்டும், சவப்பெட்டி சுழன்று சுழன்று நட்சத்திரமாக மாற வேண்டும். பிராகோ ஆரம்பத்தில் ஒரு புறாவும் கடைசியில் ஒரு புறாவும் விடுவாள். அதற்கு மேல் கேட்டால், கம்ப்யூட்டரில் இரண்டு புறாதான் இருக்கிறது என்று கூசாமல் பொய் சொல்வாள்.

ஜாசியிடம் ஒரு குறை, ஓரிடத்தில் நிற்கமாட்டான். சீர் சுமந்து வருகிறவர்களின் வரிசையைத் தெருவின் ஒரு பக்கம் நின்று எடுத்துக்கொண்டே இருப்பவன் திடீரென்று எதிர்ப்பக்கம் தாவிவிடுவான். அங்கிருந்து பார்த்தால் வலப்பக்கம் போய்க்கொண்டிருந்த அதே வரிசை இடப்பக்கம் போகும். இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டினால், சீர் கொண்டுவந்தவர்கள் பாதி வழியில் மனசு மாறி வீட்டுக்குத் திரும்பிவிட்ட மாதிரி இருக்கும்.

"கோழி மாதிரி ரோட்டுக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடினா நான் எதை எதோட ஒட்டுறது?" என்பாள் பிராகோ.

"வெயில் கண்ணுல அடிச்சுது. நீ வந்து நில்லு, தெரியும்."

"நான் வந்து நிக்குறேன். நீ வீட்டுல உக்காந்து ஒட்டு."

அவன் சாப்பிடப் போய்விடுவான். இப்படிப்பட்ட இடங்களுக்கு அவளிடம் மருந்துகள் இருந்தன. வரிசை நேராக நம்மைப் பார்த்து வருகிற படம் ஒன்று கிடைத்தால் அதை நடுவில் வைப்பாள். அதுவும் இல்லையென்றால் தலையாட்டுகிற கிழவர். அவரும் கிடைக்காவிட்டால், கடைசி மருந்தாகப் படத்தையே கண்ணாடியில் பார்க்கிற மாதிரி இடவலமாகத் திருப்பிப்போடுவாள். இடப்பக்கம் போகிறவர்கள் வலப்பக்கம் போவார்கள், பிரச்சினை தீர்ந்தது. ஆனால் அதற்கு ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள். எழுத்து தெரிகிற படத்தைத் திருப்பக்கூடாது, கை தெரிகிற படத்தைத் திருப்பவே கூடாது. எழுத்து இடவலம் மாறினால் சிரித்துவிட்டுப் போவார்கள். கை மாறினால் சிரிக்கமாட்டார்கள். வழி கேட்டவனுக்கு இடக்கையால் வழி காட்டினாலே அவன் அப்பன் பாட்டன் வரைக்கும் இழுத்து ஏசுகிற ஊர் இது.

அந்தக் கண்டிப்பைத் தவறவிட்டது அச்சியாவின் அம்மா சாவில்.

அச்சியாவின் புருஷன் சார்போங் சுவாமேயில் லாரி மெக்கானிக். அதிகம் பேசாதவன். மாமியார் சாவுக்கு ஒரு குறையும் வைக்காமல் சீர் கொண்டுவந்தான். துணி, பாய், சோப்பு, ஷ்னாப்ஸ் சாராயம் எல்லாவற்றையும் தட்டுகளில் அடுக்கி, அவன் வீட்டுப் பெண்கள் தலையில் சுமந்து வர, அவன் முன்னால் நடந்தான். பெண் வீட்டின் குடும்பத் தலைவர் க்வார்டெங் பெரியவர் பந்தலில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அச்சியா. சார்போங் வந்து குனிந்து பெரியவருக்குக் கை கொடுத்தான். அவ்வளவுதான் நடந்தது. அதற்குச் சற்று முன்னால்தான் ஜாசி எதிர்ப்பக்கம் தாவியிருந்தான்.

பிராகோ அந்தப் படத்தைத் திருப்பிப்போட்டாள். கண்டிப்பை மறக்கவில்லை, கை நீளுவதற்கு முன்னாலேயே வெட்டியும் விட்டாள். அடுத்த படத்தில் யாரோ ஒரு அம்மாவின் தொப்பி கேமராவை மறைத்திருந்தது. அந்தப் படத்தைத் தூக்கி எறிந்ததில் பறையொலிக்கு மேலே ஒரு சின்ன ஓட்டை விழுந்தது. அந்த நேரத்தில் ஹாம்பர்க் போகிற ஒருவர் டாக்ஸியை வாசலில் நிறுத்திவிட்டு, டிஸ்க்கை வாங்கிக்கொண்டு போக ஹாலில் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருந்தார். பறை முடிகிற இடம்வரைக்கும், திருப்பிப்போட்ட அந்த முந்தைய படத்தின் வாலைப் பிடித்து இழுத்து நீட்டினாள். காது பறையில் இருந்தது, கண் அதில் இல்லை. எப்போதும் டிஸ்க் அடித்ததும் டிவியில் போட்டு முழுக்க ஒரு முறை பார்ப்பாள். அன்றைக்குப் பார்க்கவில்லை. இழுத்த அந்த வாலில்தான் கை இருந்தது.

ஹாம்பர்க்கில் அந்த டிஸ்க்குக்குக் காத்திருந்தவர் அச்சியாவின் தாய்மாமன். செத்தவளுக்கு அண்ணன். அங்கே தங்குவதற்கான தாள்கள் சரியாகாததால் தங்கை சாவுக்கு வர முடியாமல் போன மனிதர். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள், வர முடியாதவர்கள்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படத்தைப் பார்ப்பார்கள். பிராகோவுக்கு இதெல்லாம் தெரியாது. அவள் அடுத்த சாவுக்குப் போய்விட்டாள்.

சில மாதம் கழித்து ஒரு நாள் காலையில் சார்போங் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரச்சொல்லித் தண்ணீர் கொடுத்து, வந்த காரியம் என்ன என்று கேட்டாள். ஜாசி கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கெங்கே தின்றுகொண்டிருந்தான்.

"ஒரு படம் எடுக்கணும்கா. ஞாயித்துக்கிழமை. சின்ன விசேஷம்தான்" என்றான் சார்போங்.

"புள்ளைக்குப் பேர் வைக்கிறியா?"

"இல்லக்கா. ஆடு குடுக்கிறேன். பெரியவர் கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்குறேன். அதைப் படமா எடுத்து ஹாம்பர்க் மாமாவுக்கு அனுப்பணும். அவர் பார்த்து ஒத்துக்கிட்டாத்தான் அச்சியாவை என்னோட அனுப்புவாங்க."

"அச்சியா எங்க?"

"குடும்ப வீட்டுல. புள்ளைங்களையும் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எதுக்கு மன்னிப்பு? என்ன பண்ணித் தொலைச்ச?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். "மாமியார் சாவுல, பெரியவருக்குப் பீச்சாங்கையைக் குடுத்துட்டேன்."

ஜாசி மெல்லுவதை நிறுத்தினான்.

"எனக்கு ஞாபகமே இல்லக்கா" என்றான் சார்போங். "மாமா ஹாம்பர்க்ல இருந்து போன் பண்ணி, அவன் என் தங்கச்சி சாவுல வந்து எங்க குடும்பத்துக்கே காறித் துப்பிட்டுப் போயிருக்கான், நீங்கள்லாம் கண்ணு தெரியாமலா உக்காந்திருந்தீங்கன்னு ஏசினாராம். நான் அப்படிச் செய்யவே இல்லன்னு அடிச்சுச் சொன்னேன். சத்தியம்கூடப் பண்ணினேன். அப்புறம் டிஸ்க்கைப் போட்டுக் காமிச்சாங்க. என் கண்ணாலயே பார்த்தேன். நான்தான். பீச்சாங்கைதான்."

"அங்க உக்காந்திருந்தவங்க என்ன சொல்றாங்க?"

"மொதல்ல யாருக்கும் ஒண்ணும் தெரியல. படம் பார்த்ததுக்கப்புறம் எல்லாருக்கும் ஞாபகம் வந்துடுச்சு. அச்சியாவோட பெரியம்மா அன்னைக்கே பார்த்துட்டு, சாவு வீட்டுல எதுக்குப் பேச்சுன்னு வாயை மூடிக்கிட்டாங்களாம்." கொஞ்சம் பொறுத்து, "அச்சியாவும் பார்த்தாளாம்" என்றான்.

பிராகோ திரும்பி உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்டினாள். குடும்பத்தில் வருஷ நினைவுச் சடங்கு முடிகிற வரைக்கும் எந்தப் படத்தையும் அவள் அழிப்பதில்லை, அசலை இன்னொரு டிஸ்க்கிலும் வைத்திருப்பாள். அந்தச் சனிக்கிழமை திரையில் வந்தது. சார்போங் நடந்து வந்தான், குனிந்தான், இடது கையை நீட்டினான். அவள் கண் கையில் நிற்கவில்லை. இந்த ஊர் ஆண்கள் துணியை இடது தோளில் போட்டு வலது தோளைத் திறந்துவிடுவார்கள், பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம். திரையில் இருந்த அத்தனை ஆண்களுக்கும் இடது தோள் திறந்து கிடந்தது. அவள் படத்தை அப்படியே நிறுத்தினாள்.

அந்த நேரம் சார்போங்கின் போன் அடித்தது. பட்டறையிலிருந்து யாரோ. பேச முற்றத்துக்குப் போனான். ஜாசி எழுந்து வந்து அவள் தோளுக்கு மேலாகத் திரையைப் பார்த்தான். அவனும் தொழில்காரன்தான், சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"திருப்பிப் போட்டியா?" என்று தணிந்த குரலில் கேட்டான்.

"நீ ஒழுங்கா ஒரு பக்கம் நின்னிருந்தா நான் ஏன் திருப்புறேன்?"

"சரி, இப்ப அதை விடு. ஒரு ஆடுதானே, குடுத்துட்டுப் போறான். பொண்டாட்டி வந்துடுவா. நீ வாயைத் திறந்தா, பிராகோ வெட்டுன படத்துல எது நிஜம் எது திருப்புனதுன்னு ஊரே கேக்கும். கல்யாணம், சாவு எல்லாம் ஒரு ரவுண்டு திரும்பப் போட்டுப் பார்ப்பாங்க. நீ செருகி வச்ச கிழவனுங்க எல்லாம் எழுந்து வந்து நிப்பாங்க."

அவன் சொன்னதில் தப்பு எதுவும் இருந்ததாக பிராகோவுக்குத் தோன்றவில்லை. அவள் உத்தமி இல்லை, அவளைப் பற்றிப் புத்தகம் அடிக்கிறவர்கள் அப்படித்தான் அடிக்கப்போகிறார்கள் என்றாலும். அந்தக் காலை நேரத்தில் அவள் வாயை மூடிக்கொள்ளத்தான் இருந்தாள்.

சார்போங் திரும்பி வந்து உட்கார்ந்தான். போனைச் சட்டைப் பையில் வைக்க வலது கையால் தடுமாறினான். அந்தக் கையில் இரண்டு விரலுக்குக் கட்டுப் போட்டிருந்தது. இடது கை கால்சட்டைப் பைக்குள் கிடந்தது. வந்ததிலிருந்தே அது அங்கேதான் கிடந்தது என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வாங்கியது, குடித்தது, டம்ளரை வைத்தது எல்லாம் அந்தக் கட்டுப்போட்ட கையால்தான்.

"விரல்ல என்ன?"

"ஸ்பேனர் நழுவிடுச்சுக்கா. சின்ன வயசுலேர்ந்தே ஸ்பேனர் மட்டும் எனக்கு இடக்கைதான். வலக்கையில நிக்கமாட்டேங்குது." சங்கடமாகச் சிரித்தான். "அதான் எல்லாரும் சொல்றாங்க, பழக்க தோஷம், உனக்கே தெரியாம நீட்டியிருப்பேன்னு. எனக்கும் அப்படித்தான் தோணுது. அதனால இப்ப அந்தக் கையை வெளியவே எடுக்கிறதில்ல. மறுபடியும் எங்கயாவது தானா நீண்டுடுச்சுன்னா?"

ஒரு மனிதனின் கையை அவனுக்கே எதிரியாக்கி வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது பிராகோவுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. ஜாசி கதவோரத்திலிருந்து கண்ணைக் காட்டினான். அவள் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

"தம்பி, பையிலேர்ந்து கையை எடு" என்றாள். "நீ பீச்சாங்கை குடுக்கல. நான்தான் உனக்குப் பீச்சாங்கை வச்சேன்."

அசலை எடுத்துப் போட்டாள். அதே பந்தல், அதே பறை. சார்போங் இந்த முறை இன்னொரு பக்கத்திலிருந்து வந்தான், குனிந்தான், வலது கையை நீட்டினான். அவன் பார்த்தான். இன்னொரு முறை போடச் சொன்னான். மறுபடியும் போடச் சொன்னான். கோபப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். ஏசியிருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"கொஞ்சம் நிறுத்துங்கக்கா" என்றான்.

நிறுத்தினாள். அவன் பார்த்தது தன் கையை இல்லை. பெரியவருக்குப் பக்கத்து நாற்காலியில் அச்சியா உட்கார்ந்திருந்தாள். அவள் கண் புருஷன் நீட்டிய வலது கையின் மேலேயே இருந்தது. சார்போங் அந்த முகத்தை வெகுநேரம் பார்த்தான்.

ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் பிராகோ குடும்ப வீட்டுக்கு டிஸ்க்கோடு போனாள். ஜாசி வரமாட்டேன் என்றான், வந்தான். ஹாலில் டிவி இருந்தது. க்வார்டெங் பெரியவர், பெரியம்மா, இன்னும் சில பெரியவர்கள், கடைசியில் அச்சியா. சார்போங் ஆடில்லாமல் வெறுங்கையோடு வந்திருப்பதைப் பார்த்து எல்லோரும் முகத்தைச் சுளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஹாம்பர்க் மாமாவைப் போனில் பிடித்து, அதைச் சத்தமாக வைத்து மேஜைமேல் கிடத்தினார்கள்.

பிராகோ முதலில் அவர்களிடம் இருந்த அதே காட்சியைப் போட்டாள். கைகள் கோத்த இடத்தில் நிறுத்தினாள்.

"இதை எத்தனை தடவை பார்க்குறது?" என்றார் பெரியவர். "உள்ள அடிச்ச ஆணியை மறுபடி அடிக்கவா வந்த?"

"இன்னும் ஒரே தடவை பெரியவரே. மாப்பிள்ளையைப் பார்க்காதீங்க. உங்களைப் பாருங்க."

"என்னை எதுக்குப் பார்க்கணும்?"

"நீங்க எந்தக் கையைக் குடுத்திருக்கீங்கன்னு பாருங்க."

பெரியவர் எழுந்து டிவிக்குக் கிட்டே போனார். ஒருவன் இடது கையைப் பிடித்துக் குலுக்க வேண்டுமென்றால் இன்னொருவனும் இடது கையைத்தான் கொடுக்க வேண்டும். க்வார்டெங் பெரியவரின் இடது கை, மாப்பிள்ளையின் இடது கையைப் பிடித்துக்கொண்டு திரையில் பளிச்சென்று இருந்தது. இத்தனை மாதமாக இந்த வீட்டில் அத்தனை பேரும் அந்தப் படத்தைப் போட்டுப் போட்டுப் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் கை எல்லோருக்கும் தெரிந்தது. பெரியவரின் கை ஒருவருக்கும் தெரியவில்லை. ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பார்கள். ஏழை கை மட்டும் நன்றாக ஏறும்.

"அடப்பாவி க்வார்டெங், நீயும் பீச்சாங்கைதான் குடுத்திருக்க" என்றாள் பெரியம்மா.

"நான் குடுக்கல."

"படத்துல இருக்கே."

"படத்துல இருந்தா? என் கை எனக்குத் தெரியாதா?" என்றார் பெரியவர். சொல்லிவிட்டுத்தான், தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. சார்போங் இதே வார்த்தையை இதே ஹாலில் சொல்லியிருந்தான். பெரியவர் போய் உட்கார்ந்துகொண்டார்.

பிராகோ அசலைப் போட்டாள். படம் திரும்பியது தன் தவறு என்று நேராகச் சொன்னாள். வெயிலையும் டாக்ஸியையும் இழுக்கவில்லை. ஜாசி தெருவைத் தாண்டியதையும் சொல்லவில்லை. அதற்காக அவன் பிறகு ஒரு வாரம் அவளிடம் மரியாதையாக நடந்துகொண்டான்.

மேஜைமேல் இருந்த போன் இருமியது. "எனக்கு இங்கேர்ந்து பையன் கைதான்பா தெரிஞ்சுது" என்றார் ஹாம்பர்க் மாமா. "பெரியவர் கையை யாரு பார்ப்பா?"

"நான் பார்த்தேன்னு எங்க சொன்னேன்?" என்று பெரியம்மா யாரும் கேட்காமலே ஆரம்பித்தாள். "டிவியில பார்த்தேன்னுதான் சொன்னேன்."

"அன்னைக்கே பார்த்துட்டு வாயை மூடிக்கிட்டேன்னு சொன்னீங்களே பெரியம்மா" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

"இப்பவும் மூடிக்கிறேன் போ."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். சிரிப்பு வந்ததும் விஷயம் லேசாகிவிட்டது. பிராகோ ஒரு ஷ்னாப்ஸ் பாட்டிலும் ஒரு பெட்டி சோடாவும் கொண்டுவந்து வைக்க வேண்டும், படத்தைத் திருத்தி ஹாம்பர்க்குக்குப் புதிதாக அனுப்ப வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. அவள் அப்போதே தலையாட்டி ஒத்துக்கொண்டாள். பெரியவர் மாப்பிள்ளையிடம், "சரி மாப்பிள்ளை, முடிஞ்சுபோச்சு. பொண்டாட்டி புள்ளையைக் கூட்டிட்டுப் போ" என்றார். அவர் வாயிலிருந்து அதற்கு மேல் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். சார்போங்கும் அதற்கு மேல் எதிர்பார்த்தவனாகத் தெரியவில்லை.

அவன் அச்சியாவைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டான். சத்தம் போடாமல்தான் கேட்டான். "நீ பக்கத்துலதானே உக்காந்திருந்த?"

அச்சியா மடியில் இருந்த துணியின் ஓரத்தை மடித்தாள். "எல்லாரும் அப்படித்தான்னு சொன்னாங்க" என்றாள்.

"நீ பார்த்தேன்னு சொன்ன."

"படத்துல அப்படித்தானே இருந்துச்சு."

பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு முற்றத்தில் நின்றார்கள். சார்போங் விடைபெற எழுந்தான். விடைபெறுகிறவன் வலப்பக்கத்திலிருந்து ஆரம்பித்து ஒருவரையும் விடாமல் கை கொடுத்துக்கொண்டு போக வேண்டும். பெரியவருக்குக் கொடுத்தான், பெரியம்மாவுக்குக் கொடுத்தான், மற்றவர்களுக்கும் கொடுத்தான். விரலில் கட்டு இருந்ததால் மெதுவாகவே கொடுத்தான். பிராகோவுக்கும் ஜாசிக்கும்கூடக் கொடுத்தான்.

வரிசையின் கடைசியில் அச்சியா உட்கார்ந்திருந்தாள். கூட வீட்டுக்கு வரப்போகிற பெண்டாட்டிக்கு யாரும் கை கொடுத்து விடைபெறுவதில்லை. சார்போங் அவள் முன்னாலும் நின்று, முதுகை வளைத்து, மற்றவர்களுக்கு நீட்டிய மாதிரியே கையை நீட்டினான். வேடிக்கை செய்கிறான் என்று நினைத்து ஹாலே மறுபடியும் சிரித்தது. அச்சியா சிரிக்கவில்லை. நீண்டிருப்பது எந்தக் கை என்று ஒரு முறை குனிந்து பார்த்துவிட்டுத்தான் அவள் தன் கையை எடுத்துக் கொடுத்தாள்.